காது அடைத்தால் எண்ணெயை எடுக்கும் முன்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிகள் நிறைந்த ஊர் ஒன்றில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ‘லேசாக் கேட்டாலும் கையைத் தூக்குங்க’ என்று சொல்லும் ஆள். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். ஆனால் காது எப்படிக் கெட்டது என்ற கதையை முதலில் கேட்பது பெரும்பாலும் நான்தான். அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கும்: ‘அழுக்கு அடைச்சிருக்கும்னு எண்ணெய் ஊத்திப் பாத்தோமுங்க.’

சில நேரம் அது அழுக்கேதான். சில நேரம் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்த அந்தப் பத்து நாளில்தான் காது கையை விட்டுப் போயிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், ஸ்கேனும் ஆபரேஷனும் கடைசியில்.

## எதையும் தொடும் முன்: ‘ம்ம்ம்’ சோதனை

ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தால் இது உதவும். வாயை மூடிக்கொண்டு, சாதாரணக் குரலில் ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். சத்தம் எந்தப் பக்கம் பெரிதாக ஒலிக்கிறது என்று கவனியுங்கள்.

- மந்தமான காதிலேயே பெரிதாக ஒலித்தால், சத்தம் போகும் வழியில் தடை. அழுக்கு, நீர், ஜவ்வு (செவிப்பறை), காதுக்குள் இருக்கும் சிறு எலும்பு இவற்றில் ஏதோ ஒன்று. அவசரம் குறைவு.
- நல்ல காதில் பெரிதாக ஒலித்தால், நரம்புப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். கீழே ‘காலையில எந்திரிச்சா கேக்கல’ என்ற தலைப்புக்குப் போங்கள். எண்ணெய் வேண்டாம்.
- நடுவில் ஒலித்தால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் நல்ல காது உள்ள ஒருவர் ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ சொல்லிப் பார்க்கட்டும். அடைத்த காதில்தான் குரல் முழங்கும். டாக்டர் ட்யூனிங் ஃபோர்க் என்ற கவைக் கம்பியைத் தட்டி நடு நெற்றியில் வைப்பதும் இதே சோதனைதான். வீட்டு முறை அந்த அளவுக்குத் துல்லியம் இல்லை. சந்தேகம் இருந்தால் மோசமான காரணத்தையே, அதாவது நரம்பையே, நினைத்துக்கொள்ளுங்கள்.

## இதில் ஒன்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

- மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென்று மந்தமானது. (குளித்ததும் அடைத்து, ‘ம்ம்ம்’ அந்தக் காதிலேயே பெரிதாக ஒலித்தால் மட்டும் கீழே ‘குறும்பி’ பாருங்கள்.)
- சீழோ காதுவலியோ இருக்கும்போது முகம் ஒரு பக்கம் இழுப்பது, கடும் தலைசுற்றல், காதின் பின்புறம் வீங்கிக் காது முன்னால் தள்ளுவது, காய்ச்சலோடு விடாத தலைவலி, வாந்தி.
- சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி. சாதாரணப் புண் என்று நினைப்பது மண்டை எலும்பு வரை பரவக்கூடியது.
- குழந்தை காதில் பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டது. சொட்டு மருந்தும் தண்ணீரும் விடவே கூடாது. சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.
- தலையில் அடிபட்டபின் காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வருவது.

## ‘காது அடைச்ச மாதிரியே இருக்குதுங்க’

குறும்பி, அதாவது காதழுக்கு. தலைக்குக் குளித்த பிறகு சட்டென்று அடைத்ததா? பட்ஸ் போடும் பழக்கம் உண்டா? அப்படியென்றால் முதல் சந்தேகம் குறும்பிதான். காதுக்குள் கொஞ்சமாக இருந்த அழுக்கு தண்ணீரில் ஊறி உப்பி வழியை மூடிவிடும். பட்ஸ் அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். துப்பாக்கிக் குழாயில் மருந்து கெட்டித்த மாதிரி ஜவ்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடுக்கிவிடும். ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு எல்லாம் இதே வேலைதான், கூடவே கீறலும் வைக்கும்.

இதற்கு முன் சீழ் வடிந்ததில்லை, ஜவ்வில் ஓட்டை இல்லை, காதில் ஆபரேஷன் ஆகவில்லை, இப்போது வலியும் இல்லை: இந்த நான்கும் சரியாக இருந்தால் மட்டும் அழுக்கை இளக்கும் சொட்டு மருந்தோ, காய்ச்சாத சுத்தமான எண்ணெயோ இரண்டு மூன்று சொட்டு விடலாம். எண்ணெய் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத காதில் ஊற்றுவதும், பூண்டு போட்டுக் காய்ச்சிய சூட்டோடு ஊற்றுவதும்தான் வம்பு.

மருந்து பாட்டிலை முதலில் ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சொட்டு காதுக்குள் விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து விடுங்கள். பிறகு காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குமிழை நான்கைந்து முறை அமுக்குங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். 3 முதல் 5 நாள் இப்படி. முதல் இரண்டு நாள் அடைப்பு கூடின மாதிரி தெரியும், அழுக்கு ஊறுகிறது என்று அர்த்தம்.

ஐந்து நாளில் திறக்கவில்லை என்றால் ஈ.என்.டி. டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுப்பதுதான் அவர்களுக்கு நல்லது. பேருந்து நிலையத்தில் கம்பியும் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பவரிடம் காதைக் கொடுக்காதீர்கள். அவர் எடுத்துக் காட்டும் ‘அழுக்கு’ எல்லாமே உங்கள் காதிலிருந்து வந்தது என்றும் நம்ப வேண்டாம்.

சளி, மலை இறக்கம், விமானம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்தால் யாருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதலாம், வேகமாக ஊதக் கூடாது. சளி இருந்தால் ஊதவே வேண்டாம். சளியோடு வந்த அடைப்பு சளி போனபின்னும் சில வாரம் நிற்கலாம்.

ஜவ்வுக்குப் பின்னால் நீர். பெரியவர்களுக்கு, அதிலும் ஒரே காதில், மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீர் நிற்கிறது என்றால் மூக்கின் பின்பக்கத்தைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வளரும் கட்டி முதலில் காட்டும் அடையாளம் சில நேரம் காதடைப்பாக மட்டுமே இருக்கும்.

## ‘ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலையில எந்திரிச்சா கேக்கல’

இந்தத் தலைப்புக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

திடீர் நரம்புக் கேளாமை பெரும்பாலும் வலியோடு வராது. காது ‘அடைச்ச மாதிரி’ இருக்கும், கூடவே ஒரு இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். யாருக்கும் பயம் வராது, அதுதான் ஆபத்து. என் மச்சானுக்கு ஒரு திங்கட்கிழமை வலது காது அடைத்தது. மருந்துக் கடையில் அழுக்குச் சொட்டு கொடுத்தார்கள். அதை விட்டார், எண்ணெயும் விட்டார், ‘சளி இறங்கினா சரியாயிரும்’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் நான் வலப்பக்கம் உட்கார்ந்து பேச, அவர் முழு உடம்பையும் திருப்பி இடது காதைக் காட்டினார். ‘எத்தனை நாளாச்சு மாப்ளே?’ என்றேன். ‘பன்னெண்டு நாள் இருக்கும்’ என்றார். ‘ம்ம்ம்’ சொல்லச் சொன்னேன். இடது காதில் ஒலித்தது. மறுநாள் சோதித்தபோது வலது காது 70 டெசிபலுக்குக் கீழே எதையும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு தொடங்கினார்கள். தடித்த சத்தங்கள் ஓரளவு திரும்பின, மெல்லிய சத்தங்கள் திரும்பவில்லை. இன்றும் போனை இடது காதில்தான் வைக்கிறார். முதல் வாரமே போயிருந்தால் முழுக்கத் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் பார்க்க வேண்டியவை, ஐந்து நிமிடம் போதும்:

1. செல்போனில் ஒரு பாட்டை ஒரே அளவு சத்தத்தில் வைத்து இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கம் தகர டப்பாவில் பேசுகிற மாதிரி உடைந்து கேட்டால் நரம்புப் பக்கம் சந்தேகம் கூடும்.
2. ‘ம்ம்ம்’ சோதனை.
3. கடந்த சில வாரத்தில் ஊசி மருந்து எதுவும் போட்டீர்களா? ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள் காது நரம்பைக் கெடுக்கும். இவை பெரும்பாலும் இரண்டு காதையும் தாக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிய டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

நல்ல காதில் ஒலித்தால் அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ‘அழுக்கு இல்லை’ என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாமல், ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து வரையும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு வாரத்துக்குள் என்பதுதான் பொதுவாகப் பார்க்கும் கணக்கு. மாத்திரைக்கு மசியாவிட்டால் ஜவ்வு வழியாக ஊசி போடுவார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். செலவு சில ஆயிரம் ஆகும், ஆனால் அது தேவையில்லாத ஸ்கேன் இல்லை.

சிலருக்குத் தானாகவே திரும்புவதும் உண்டு. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே தெரியாததால் அதை நம்பி உட்கார முடியாது.

## ‘அரிக்குது, குடையணும்னே இருக்குது’

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் இந்தப் பேச்சு எங்களிடம் கூடும். காவிரியில் முங்கி எழுந்த காது, உள்ளே ஈரம், அதன் மேல் எண்ணெய், அதன் மேல் பட்ஸ். காளான் வளர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி இருக்கும், நடுவே கறுப்புப் புள்ளிகள். அடைப்பும் அரிப்பும்தான் முக்கியம், கேட்பது லேசாகத்தான் குறையும்.

- முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்: எண்ணெய், பட்ஸ், மீதி இருந்த பழைய சொட்டு மருந்து. கிருமிக்கான ஆன்டிபயாடிக் சொட்டைத் திரும்பத் திரும்ப விட்டாலே காளான் வரலாம்.
- குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயிலில் வையுங்கள். குளித்ததும் எடுத்துவிடுங்கள்.
- இரண்டு நாளில் அடங்காவிட்டால் டாக்டர் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுக் காளான் மருந்து கொடுப்பார். சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் விட்டால் மீண்டும் வரும்.

மடலைத் தொட்டாலே உயிர் போகிற வலி என்றால் அது பெரும்பாலும் காளான் இல்லை, காதுக் குழாயில் புண்ணோ கட்டியோ. பிதுக்க வேண்டாம். காதிலும் மடலிலும் கொப்புளம், அதோடு முகம் கோணல் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

காதுக்குள் பூச்சி ஓடினால் எண்ணெய் சரி. ஜவ்வில் ஓட்டை இல்லாதவர் நாலு சொட்டு விட்டால் பூச்சி செத்துவிடும், துடிப்பு நின்றுவிடும். எடுப்பது டாக்டர். குழந்தை கடலையோ பயறோ போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறி உப்பிவிடும்.

## ‘சின்ன வயசுலேர்ந்து சீழ் வடியுதுங்க’

இங்கே முக்கியமான கருவி உங்கள் மூக்குதான். வடிந்ததைப் பஞ்சில் ஒற்றி முகர்ந்து பாருங்கள்.

நிறைய வடிகிறது, சளி மாதிரி இழுக்கிறது, பெரிய நாற்றம் இல்லை, சளி பிடித்தாலோ தலைக்குக் குளித்தாலோ கூடுகிறது: ஜவ்வின் நடுவே ஓட்டை. அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

1. காது உள்ளே நனையக் கூடாது. வாசலின் பஞ்சு இல்லாமல் குளியல் இல்லை, ஆற்றுக் குளியல் அறவே இல்லை.
2. வடிவதைச் சுத்தமான துணியிலோ பஞ்சிலோ திரித்த திரியால் காதின் வாயிலில் மட்டும் ஒற்றி எடுங்கள். உள்ளே விட வேண்டாம்.
3. பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து வேண்டாம். ஓட்டை உள்ள காதில் சில மருந்துகள் உள்காதுக்குள் இறங்கி நரம்பையே கெடுக்கும். டாக்டர் எழுதியதை மட்டும் விடுங்கள்.
4. சீழ் நின்று காது காய்ந்தால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓட்டை அப்படியேதான் இருக்கும். காது காய்ந்திருக்கும்போதுதான் ஜவ்வு ஒட்டும் ஆபரேஷன் செய்வார்கள். பெரும்பாலும் காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது வழக்கமான ஆபரேஷன்தான்.

கொஞ்சமாக வடிகிறது, ஆனால் நாற்றம் தாங்கவில்லை, சில நாள் ரத்தம் கலந்து வருகிறது: ஓட்டை பெரும்பாலும் மேல்பக்கம் அல்லது ஓரத்தில் இருக்கும். உள்ளே தோல் உருண்டை வளர்ந்து எலும்பை மெல்ல மெல்ல அரிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கேட்கும் எலும்புகள், முக நரம்பு, சமநிலை உறுப்பு, கடைசியில் மூளை உறை என்று அதன் பாதை போகும். வலி இல்லாததால் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு, முகம் கோணிய பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குச் சொட்டு மருந்து தீர்வே இல்லை. சி.டி. ஸ்கேன், பிறகு காதின் பின் எலும்பைத் திறந்து சுத்தம் செய்யும் ஆபரேஷன். ‘இப்போ இருக்கற அளவுக்கே கேட்டா போதும், ஆபரேஷன் எதுக்கு?’ என்று கேட்பார்கள். அந்த ஆபரேஷன் உயிருக்காக. கேட்பது அதற்கு அடுத்த கணக்கு.

## ‘கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல’

அப்பாக்களின் வாக்கியம் இது. கூடவே, ‘இந்தக் காலத்துப் பசங்க வாய்க்குள்ளயே பேசறானுங்க’ என்பதும் வரும்.

வீட்டுச் சோதனை. அவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்: கடை, சடை, தடை, படை, வடை. அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாமே ‘அடை’ என்று கேட்டால் உயிரொலி காதில் விழுகிறது, முன்னால் நிற்கும் மெய் விழவில்லை. மெய்யெழுத்தின் மெல்லிய உயர் சத்தம்தான் வயதாலும் இரைச்சலாலும் முதலில் போவது. கத்திச் சொன்னாலும் உயிரொலிதான் பெரிதாகும், ‘ஏன் கத்தறே?’ என்று கோபம்தான் வரும். எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சண்டை குறையும்.

முதலில் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வயதானவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியின் மேல் அழுக்கும் சேர்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. அதை எடுத்தாலே பாதி சரியாகும்.

அடுத்து, வேலை. எங்கள் ஊரில் 35 வயதுக்காரர் இந்த வாக்கியத்தோடு வந்தால் ‘எத்தனை வருஷமாத் தறி ஓட்டறீங்க?’ என்றுதான் கேட்பேன். ஆடியோகிராம் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர் சத்தத்தின் பக்கம் ஒரு குழி விழுந்திருக்கும். பட்டறையில் கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும். 85 என்றால் காது ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி நேரம். நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரம் வரை விடுகின்றன, காது அவ்வளவு தாராளம் இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது மந்தமாகி இரைந்து, காலையில் தெளிகிறதா? அது எச்சரிக்கை. ஒரு நாள் காலையில் தெளியாது.

போன நரம்பு திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். காதில் பஞ்சு வைப்பதால் பலன் இல்லை. நுரை அடைப்பான் வாங்குங்கள், மிக மலிவு. விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து மடலை மேலே இழுத்து, அடைப்பானை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்கு உள்ளே முழங்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாத கணக்குதான்.

கடைசியாக, ஆடியோகிராம். அதற்குப் பிறகுதான் காது மெஷின். ஒரு காது மட்டும் மற்றதைவிட ரொம்ப மோசமாக இருந்தால் வயது என்று விடக் கூடாது. வயது இரண்டு காதையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தொடும். அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும்.

## ‘கூட்டத்துல நல்லாக் கேக்குது, வீட்டுலதான் கேக்கல’

மேலே சொன்னதற்கு நேர் எதிர். 20 முதல் 40 வயதுக்குள், பெண்களே அதிகம், அம்மாவுக்கோ அத்தைக்கோ இதே மாதிரி இருந்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு கூடியிருக்கும். பேருந்துச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது நன்றாகப் புரியும். இந்தக் குறை உள்ளவர்கள் பேசுவதோ மெதுவாக இருக்கும், சொந்தக் குரல் உள்ளே பெரிதாகக் கேட்பதால். காதில் அழுக்கு இல்லை, ஜவ்வு பளிச்சென்று இருக்கும், சீழ் வந்ததே இல்லை. உள்ளே இருக்கும் மிகச் சிறிய எலும்பு அசையாமல் இறுகியிருக்கலாம்.

இதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஆடியோகிராமும், ஜவ்வின் அசைவைப் பார்க்கும் சோதனையும் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு வழி: மெஷின், அல்லது அந்த எலும்புக்குப் பதில் சின்ன பிஸ்டன் வைக்கும் ஆபரேஷன். அனுபவம் உள்ளவர் கையில் நல்ல பலன் தரும். அரிதாக ஆபரேஷன் செய்த காதே முழுக்கப் போவதும் உண்டு. அதனால் மோசமான காதில் முதலில் செய்வார்கள். மெஷின் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் தவறில்லை.

## ‘ங்ஙொய்னு ஒரே சத்தம்’

- இரண்டு காதிலும், பல மாதமாக: குறும்பி பார்த்துவிட்டு ஆடியோகிராம். பெரும்பாலும் கேட்பது குறைந்ததன் நிழல்தான் இந்த இரைச்சல். இரவில் மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடினால் தூக்கம் வரும். மெஷின் போட்ட பிறகு பலருக்குக் குறைகிறது.
- ஒரே காதில்: ஆடியோகிராம் கட்டாயம், எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டர் சொல்வார்.
- நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று: மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ரத்தக் குழாய் பக்கம் பார்க்க வேண்டும். தள்ளிப்போட வேண்டாம்.

தலைசுற்றலும் சேர்ந்தால்: படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றுவிடுகிறது, காது நன்றாகக் கேட்கிறது என்றால் அது வேறு கதை, கேட்கும் திறனைத் தொடாது. 20 நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை சுற்றி, அப்போது ஒரு காது அடைத்து இரைந்து, பிறகு தெளிந்து, சில வாரம் கழித்து மறுபடி வந்தால் உள்காதின் நீர் அழுத்தம் கூடும் மெனியர் நோயாக இருக்கலாம். எந்தத் தேதி, எவ்வளவு நேரம், எந்தக் காது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த நோட்டு இல்லாமல் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது சிரமம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைக்கச் சொல்வார்கள்.

## ‘கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான்’

பிறந்ததிலிருந்தே. கை தட்டிப் பார்த்து, ‘திரும்பறான், காது நல்லாத்தான் இருக்குது’ என்று முடிவுகட்டாதீர்கள். தட்டும்போது வரும் காற்றையும் நிழலையும் குழந்தை பிடித்துவிடும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை, இதுதான் கணக்கு. முதல் சோதனை குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலியே இல்லை. சொந்தத்தில் கல்யாணம், எடை குறைந்த பிறப்பு, பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். முதல் சோதனையில் தேறாவிட்டால் பயந்துவிட வேண்டாம், காதுக்குள் பிறப்பு நீர் இருந்தாலும் தேறாது. ஆனால் மறுசோதனைக்குப் போகாமல் விடக் கூடாது. மெஷினால் பலன் இல்லாத குழந்தைக்கு, 6 வயதுக்குள், காக்ளியர் இம்பிளான்ட் (காது நரம்பைத் தூண்டும் கருவியை உள்ளே பொருத்தும்) ஆபரேஷன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆறாவது வயது வரை பொறுத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ‘அவங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்பதுதான் நான் கேட்டதிலேயே விலை அதிகமான சமாதானம்.

நன்றாகப் பேசிய பிள்ளை இப்போது ‘என்ன?’ ‘என்ன?’ என்கிறது. டிவியைச் சத்தமாக வைக்கிறதா? வாயைத் திறந்து தூங்குகிறதா, குறட்டையா? டீச்சர் ‘கவனம் இல்லை’ என்கிறாரா? ஜவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கலாம். வலி இருக்காது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றும். அதுவரை முன் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் ஜவ்வில் சின்னக் குழாய் வைப்பார்கள், தேவைப்பட்டால் மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையையும் எடுப்பார்கள். அந்தக் குழாய் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாக விழுந்துவிடும்.

பொன்னுக்கு வீங்கி வந்துபோன பிறகு ஒரு காது முழுக்கப் போவதும் உண்டு. பிள்ளைக்கே தெரியாது. போனை எப்போதும் ஒரே பக்கம் வைக்கிறதா என்று பாருங்கள்.

## அறை, பந்து, வெடி பட்ட பிறகு

கன்னத்தில் விழுந்த அறை காதிலும் பட்டால் ஜவ்வு கிழியும். எதையும் உள்ளே விடாதீர்கள், சொட்டு மருந்துகூட வேண்டாம். நனையாமல், மூக்கைப் பலமாகச் சிந்தாமல் இருந்தால் பெரும்பாலான கிழிசல் இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வாரமே டாக்டரிடம் காட்டி, ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் வெடித்த பட்டாசுக்குப் பிறகு காது இரைந்தபடி, மறுநாளும் தெளியவில்லை என்றால் ‘காலையில எந்திரிச்சா கேக்கல’ தலைப்பில் சொன்ன அதே அவசரம்.

## ‘மெஷின் போட்டும் கேக்கல’

ரிப்பேர் என்று வருபவற்றில் பல என் மேஜையிலேயே சரியாகிவிடும். இந்த வரிசையில் பாருங்கள்.

1. பேட்டரி. உள்ளங்கையில் மெஷினைப் பொத்திப் பிடியுங்கள். கீச்சென்றால் உயிர் இருக்கிறது. பேட்டரி புதிது என்றால், அதன் மேல் ஒட்டியிருந்த வண்ணத் தாளை உரித்தீர்களா? காற்றில் இயங்கும் பேட்டரி அது. உரித்து ஒரு நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். தாளின் நிறமே அளவு: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675.
2. அழுக்கு. சத்தம் வரும் துளையைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். குறும்பி அடைத்திருக்கும். துளை கீழே பார்க்கப் பிடித்துத் தூரிகையால் தட்டுங்கள். ஊசியால் குத்தாதீர்கள்.
3. குழாயில் நீர்த்துளி. வியர்வை. அச்சை (காதுக்குள் பொருந்தும் பாகம்) மட்டும் கழற்றி, ஊதிக் காயவையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், அரிசி டப்பாவில் அல்ல.
4. கீச்சென்று கத்துகிறது. அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி, அல்லது உடம்பு மெலிந்து அச்சு தளர்ந்துவிட்டது. புது அச்சு மெஷினைவிட மிக மலிவு.
5. எல்லாம் சரி, ஆனாலும் புரியவில்லை. கடைசி ஆடியோகிராம் எப்போது எடுத்தது? ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் காது மாறியிருக்கும், மெஷின் பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். புதுசு வாங்கும் முன் திரும்ப அமைத்துப் பாருங்கள். நல்ல காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினும் கேட்கலாம்.

வரும்போது மெஷின், அச்சு, பழைய ஆடியோகிராம் மூன்றையும் கொண்டு வாருங்கள். மெஷினை மட்டும் பேரன் கையில் கொடுத்தனுப்பினால் பேட்டரி மாற்றித் தருவதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாது. தாத்தாவும் வர வேண்டும்.